ஞாயிறு யாருக்கு ஓய்வு?

நம் இல்லங்களில் இன்று மிகுதியாகக் கேட்கும் சொல் "நேரமில்லை" என்பதே. பள்ளிக்குப் புறப்படும் சிறுவனுக்கு நேரமில்லை. அவனுக்கு உணவு கட்டிக் கொடுக்கும் தாய்க்கு நேரமில்லை. பேருந்தைப் பிடிக்க விரையும் தந்தைக்கு நேரமில்லை. திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டனாருக்கு மட்டும் நேரம் உண்டு. ஆனால் அவரோடு அமர்ந்து பேச எவருக்கும் நேரமில்லை.

எண்ணிப் பார்த்தால் இது வியப்புக்குரியது. நம் பாட்டிமார் கிணற்றில் நீர் இறைத்தனர், உரலில் குத்தினர், அம்மியில் அரைத்தனர், புகையில் கண் கலங்க விறகடுப்பை ஊதினர். இவ்வேலைகளுள் பலவற்றை இன்று பொறிகள் செய்கின்றன. பல நாள் காத்திருந்து பெற்ற செய்தி இன்று நொடிப்பொழுதில் கைபேசியில் வந்து விழுகின்றது. அங்ஙனமாயின், மிச்சமான நேரம் எங்கே போயிற்று? மிச்சப்பட்ட நேரமெல்லாம் இன்னும் வேகமாய் ஓடுவதற்கே செலவாகின்றது என்பதன்றி வேறு விடை இல்லை.

ஆண்டவருக்கென ஒதுக்கப்பட்ட ஞாயிறும் இவ்வோட்டத்திற்குத் தப்பவில்லை. ஆறு நாளும் செய்ய இயலாமல் தள்ளிவைத்த வேலைகளெல்லாம் கடன்காரரைப் போல ஏழாம் நாளின் வாயிலில் வந்து நிற்கின்றன. விரைவில் முடியும் திருப்பலி எது என்று கேட்டறிந்து செல்கிறோம். திரும்பும் வழியில் இறைச்சிக் கடையில் வரிசை, வீடு வந்ததும் வாரத்துத் துணிமூட்டை, பிள்ளைகளுக்குத் தனிவகுப்பு, நண்பகலில் ஒரு திருமணம், மாலையில் கடைத்தெரு. இரவு படுக்கையில் சாயும்பொழுது உடலில் முன்னிலும் அதிகமான களைப்பு. ஓய்வு நாள் வந்து போயிற்று. ஓய்வு மட்டும் வரவில்லை.

இதற்கு மருந்தாகப் பலர் பலவற்றைக் கூறுகின்றனர். உடற்பயிற்சி நல்லது, காலத்தைத் திட்டமிட்டுச் செலவிடுவதும் நல்லது. ஆனால் நம் விசுவாசம் இவற்றினும் ஆழமான ஓர் உண்மையைக் கற்பிக்கின்றது. ஓய்வு என்பது ஒருவர் தமக்கென்று தனியே தேடிக்கொள்ளும் சுகமன்று. இறைவன் எல்லாருக்கும் சேர்த்துத் தந்த கொடை. அதைப் பிறர்க்கு மறுத்துவிட்டு நாம் மட்டும் அனுபவிக்க இயலாது. ஆகவே, "ஞாயிறன்று எனக்கு ஓய்வு உண்டா?" என்று கேட்பதற்கு முன், "என்னால் ஓய்வு இழப்பவர் யார்?" என்று கேட்பதே முறையாகும்.

படைத்தவர் ஓய்ந்தார்

ஆதியாகமத்தின் முதல் ஏடுகளைக் கூர்ந்து நோக்குவோம். இறைவன் ஆறு நாள் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தார் என்று வாசிக்கிறோம். எல்லாம் வல்லவருக்குக் களைப்பு ஏது? தாம் படைத்த அனைத்தும் நன்றாயிருக்கக் கண்டு, அவற்றில் மகிழ்ந்து நின்ற நிலையே அவரது ஓய்வு. கட்டி முடித்த வீட்டைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் கொத்தனாரின் முகத்திலும், கதிர் முற்றிய வயலின் வரப்பில் நிற்கும் உழவரின் முகத்திலும் இம்மகிழ்ச்சியின் சாயலை நாம் காணலாம்.

இன்னொன்றும் கருதத்தக்கது. மனிதன் படைக்கப்பட்டது ஆறாம் நாளில். ஆகவே அவன் முழுமையாகக் கண்ட முதல் நாளே ஓய்வு நாளாயிற்று. உழைத்துக் களைத்த பின் கூலியாக அவனுக்கு ஓய்வு தரப்படவில்லை. அவன் ஒரு புல்லையும் பிடுங்குமுன்னரே, இறைவனின் மகிழ்ச்சியில் பங்குகொள்ள அழைக்கப்பட்டான். "எல்லா வேலையையும் முடித்துவிட்டு ஓய்வெடுப்போம்" என்று நாம் சொல்கிறோம். வேலைகள் முடிவதே இல்லையாதலால் ஓய்வும் வருவதே இல்லை. விவிலியம் காட்டும் வரிசையோ வேறு. முதலில் இறைவனில் இளைப்பாறுதல். பின்னர் அதன் வலிமையால் உழைத்தல்.

செங்கற் சூளையும் மன்னாவும்

ஓய்வுநாள் கட்டளை விவிலியத்தில் இருமுறை வருகின்றது. யாத்திராகமத்தில் அதற்குக் காரணமாகப் படைப்பு சொல்லப்படுகிறது. உபாகமத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் வேறொரு காரணம் சொல்லப்படுகிறது: இஸ்ராயேல் மக்கள் முன்னொரு காலத்தில் எகிப்தில் அடிமைகளாய் இருந்ததை அவர்கள் மறத்தலாகாது.

எகிப்தில் அவர்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். மூன்று நாள் பாலைவனம் சென்று ஆண்டவருக்குப் பலியிட விடை தருமாறு மோயீசன் கேட்டபோது, பார்வோன் அவர்களைச் சோம்பேறிகள் என ஏசினான். இனிச் செங்கல்லுக்கு வேண்டிய வைக்கோலை அவர்களே தேடிக்கொள்ள வேண்டும். ஆனால் கல்லின் எண்ணிக்கை மட்டும் ஒன்றும் குறையலாகாது என்று ஆணையிட்டான். ஓய்வு கேட்பவரைச் சோம்பேறி என்பதும், வசதியைக் குறைத்து வேலையைக் கூட்டுவதும் அன்றே தொடங்கிவிட்ட வழக்கங்கள் போலும்!

அச்சூளையிலிருந்து மீட்கப்பட்ட மக்களுக்கு இறைவன் தந்த கட்டளையில் ஒரு பட்டியல் காணப்படுகிறது. குடும்பத் தலைவனோடு அவன் மகனும் மகளும் ஓய வேண்டும். வேலைக்காரனும் வேலைக்காரியும் ஓய வேண்டும். எருதும் கழுதையும் ஓய வேண்டும். அவ்வூரில் தங்கியிருக்கும் அந்நியனும் ஓய வேண்டும். வேலைக்காரருக்கும் தலைவனுக்குக் கிடைக்கும் அதே இளைப்பாறுதல் கிடைக்க வேண்டும் என்பது கட்டளையிலேயே தெளிவாய்ச் சொல்லப்பட்டுள்ளது. தான் மட்டும் ஓய்ந்து, தன் வீட்டு வேலைக்காரியை உழைக்கவிடுபவன் ஓய்வுநாளைப் பாதி அனுசரித்தவன் ஆகான். அவன் தன் வீட்டிலேயே ஒரு சிறிய எகிப்தைக் கட்டியவன் ஆவான்.

பாலைவனத்தில் பெய்த மன்னாவும் இதே பாடத்தைக் கற்பித்தது. நாளுக்கு நாள் வேண்டிய அளவே சேர்க்க வேண்டும். மறுநாளுக்கென வைத்தது புழுத்துப் போயிற்று. ஆறாம் நாளில் மட்டும் இருமடங்கு கிடைத்தது, அது கெடவில்லை. ஏழாம் நாளிலும் கூடையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டவர் சிலர் இருந்தனர். அவர்கள் வெறுங்கையராய்த் திரும்பினர். ஒரு நாள் நாம் ஓடாவிட்டால் உலகம் நின்றுவிடும், பிள்ளைகள் பின்தங்கிவிடுவர், வாணிகம் விழுந்துவிடும் என்னும் அச்சமே அவர்களை விரட்டியது. நம்மையும் விரட்டுவது அதுவே. ஓய்வதற்கு விசுவாசம் வேண்டும். நாம் கைகட்டி அமர்ந்திருக்கும் வேளையிலும் இறைவனின் கைகள் நம்மைத் தாங்குகின்றன என்று நம்புகிறவரே உண்மையில் ஓய முடியும்.

ஆண்டவர் உறங்கினார்

நம் ஆண்டவர் இயேசு முப்பது ஆண்டுகள் நாசரேத்தில் மறைந்து வாழ்ந்தார்; தச்சுத் தொழில் செய்தார். உழைப்பின் அருமையும் களைப்பின் வலியும் அவர் அறியாதவை அல்ல. சமாரியாவில் நடந்து களைத்துக் கிணற்றடியில் அமர்ந்தார். கலிலேயாக் கடலில் புயல் எழுந்தபோது படகின் பின்புறத்தில் தலையணையில் தலை சாய்த்து உறங்கிக்கொண்டிருந்தார் என மாற்கு எழுதுகிறார். தந்தையின் கையில் தம்மை ஒப்படைத்திருந்தவருக்கு அலைகளின் நடுவிலும் உறக்கம் வந்தது. நமக்கோ அலையில்லாத வீட்டில், மெத்தையின் மேல், நள்ளிரவு கடந்தும் கைபேசியின் ஒளி கண்ணைவிட்டு அகலவில்லை.

அதே மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில், பணி முடித்துத் திரும்பிய சீடர்களைக் காண்கிறோம். வருவோரும் போவோருமாய் மக்கள் சூழ்ந்துகொண்டதால் அவர்களுக்கு உண்ணவும் நேரம் கிடைக்கவில்லை. அவர்களைத் தனிமையான இடத்திற்கு வந்து சற்று இளைப்பாறுமாறு ஆண்டவரே அழைத்தார். நற்செய்திப் பணியைவிட உயர்ந்த பணி யாது? அப்பணி செய்வோருக்கும் ஓய்வு வேண்டும் என்று அவர் கருதினாரெனில், நம் அலுவலும் வாணிகமும் எம்மாத்திரம்? எனினும், அவர்கள் கரையேறிய இடத்தில் மக்கள் கூட்டம் காத்திருப்பதைக் கண்டபோது அவர் மனமிரங்கிப் போதிக்கத் தொடங்கினார் என்பதையும் நாம் மறத்தலாகாது. இரக்கம் கதவைத் தட்டும்போது ஓய்வு வழிவிடும். பேராசை தட்டும்போது வழிவிடலாகாது.

ஓய்வுநாளில் அவர் செய்த புதுமைகளும் இதையே உணர்த்துகின்றன. பதினெட்டு ஆண்டுகளாய்க் கூனி நிமிர முடியாதிருந்த பெண்ணை அவர் செபக்கூடத்தில், ஓய்வுநாளில் குணமாக்கினார். சட்டத்தைக் காட்டிச் சினந்தவர்களிடம், கட்டிய மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்ட ஓய்வுநாள் தடையில்லையே என்று சுட்டிக்காட்டினார். சுமையால் வளைந்த முதுகை நிமிரச் செய்வதே ஓய்வுநாளின் நோக்கம் என்பது அவர் செயலின் பொருள்.

உள்ளம் சோர்ந்தவர்களுக்கு எலியாஸ் இறைவாக்கினரின் வரலாறு ஆறுதல் தரும். பகைக்கு அஞ்சி ஓடிய அவர் பாலைவனத்தில் ஒரு செடியின் நிழலில் விழுந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளுமாறு இறைவனிடம் கெஞ்சினார். இறைவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, அறிவுரையும் கூறவில்லை. அவரை உறங்கவிட்டார். பின்பு வானதூதர் அவரைத் தட்டியெழுப்பித் தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளை நீரும் தந்தார். மீண்டும் உறங்கவிட்டு மீண்டும் உண்பித்தார். அதன் பின்னரே நெடும்பயணமும், மலையுச்சியில் மெல்லிய ஓசையில் இறைக் காட்சியும் வாய்த்தன. நம் இல்லத்தில் ஒருவர் காரணமின்றிச் சினப்பதையும், எதிலும் பற்றின்றி இருப்பதையும் காணும்போது, போதனையைத் தொடங்குமுன் உணவும் உறக்கமும் அளித்துப் பார்ப்பது இறைவன் காட்டிய வழியாகும்.

ஞாயிறு நமக்கு வந்த வழி

ஆண்டவர் உயிர்த்த நாள் வாரத்தின் முதல் நாள். அந்நாளில் கிறிஸ்தவர்கள் கூடி அப்பம் பிட்டனர். ஆயினும் முதல் மூன்று நூற்றாண்டுகளில் உரோமைப் பேரரசில் அது விடுமுறை நாளன்று. ஏறத்தாழ 112-ஆம் ஆண்டில் பித்தினியா நாட்டு ஆளுநர் பிளினி பேரரசனுக்கு எழுதிய மடலில், கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் பொழுது விடியுமுன் கூடுவதாகக் குறிப்பிடுகிறார். அவர்களுள் அடிமைகளும் இருந்தனர். விடிந்ததும் வேலைக்குச் செல்ல வேண்டியவர்கள் விடியுமுன் ஆண்டவரிடம் வந்தனர்.

304-ஆம் ஆண்டில், தியோக்கிளேசியான் பேரரசனின் கொடுமை நடந்த காலத்தில், இன்றைய துனிசியா நாட்டிலுள்ள அபித்தீனா என்னும் ஊரில் ஒரு வீட்டில் ஞாயிறு வழிபாட்டிற்குக் கூடிய 49 கிறிஸ்தவர்கள் பிடிபட்டனர். சத்தூர்னினுஸ் என்னும் குருவும் அவருடைய பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். ஆணையை மீறியது ஏன் என்று விசாரித்த அதிகாரியிடம், ஆண்டவரின் நாளும் அதன் திருவிருந்தும் இன்றித் தங்களால் வாழ இயலாது என்று எமெரித்துஸ் என்பவர் விடையளித்தார். துன்புறுத்தப்பட்டும் அவர்கள் பின்வாங்காமல் உயிர் ஈந்தனர். ஞாயிறு அவர்களுக்கு வாரத்தின் மிச்சப் பொழுதாய் இருக்கவில்லை. உயிரினும் அரியதாய் இருந்தது.

321-ஆம் ஆண்டில் பேரரசன் கொன்ஸ்தாந்தீன் நீதிமன்றங்களுக்கும் நகரத்துத் தொழிற்கூடங்களுக்கும் ஞாயிறு விடுமுறை அளித்தான். பிற்காலத்தில் ஆலைகள் பெருகியபோது உழைப்பாளரின் ஓய்வு மீண்டும் பறிபோயிற்று. திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் வெளியிட்ட சுற்றுமடலில், தொழிலாளருக்கு ஞாயிறு ஓய்வு உரிமையாகும் என வலியுறுத்தினார். வீண் சோம்பலையோ களியாட்டத்தையோ அவர் கருதவில்லை. இறைவழிபாட்டால் புனிதமான ஓய்வையே கருதினார்.

நம் நாட்டிலும் இவ்வோய்வு எளிதில் வரவில்லை. பம்பாய்ப் பஞ்சாலைகளில் வார விடுமுறையின்றி வாடிய தொழிலாளரை நாராயண் மேகாஜி லோகண்டே என்னும் பெரியவர் 1884-இல் ஒன்றுதிரட்டினார். பல ஆண்டுகள் போராடிய பின், 1890-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தனர். இன்று நாம் கேளாமலே பெறும் விடுமுறைக்குப் பின்னால் பெயர் தெரியாத எத்தனையோ உழைப்பாளரின் கண்ணீர் உண்டு.

சேர்ந்து ஓயும் ஓய்வு

ஞாயிற்றை ஒழிக்க முயன்றவர்களும் உண்டு. பிரெஞ்சுப் புரட்சியாளர் 1793-இல் வாரத்தைப் பத்து நாளாக்கினர். அந்நாட்காட்டி 1806-ஆம் ஆண்டின் முதல் நாளோடு மறைந்தது. சோவியத் நாட்டில் 1929-இல் செய்த முயற்சி குடும்பங்களாகிய நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது. பொறிகள் ஒருநாளும் ஓயலாகாது என்பதற்காகத் தொழிலாளரை ஐந்து பிரிவாக்கினர். ஒவ்வொரு பிரிவினரும் நான்கு நாள் உழைத்து ஐந்தாம் நாள் ஓயலாம்; ஆனால் ஒரு பிரிவின் ஓய்வு நாள் மற்றொரு பிரிவினருக்கு வேலை நாள். கணக்குப் பார்த்தால் முன்னைவிட அதிக ஓய்வு! ஆயினும் கணவனுக்கு ஒரு நாளும் மனைவிக்கு மற்றொரு நாளும் ஓய்வு வந்தது. வெறும் வீட்டில் தனித்து அமர்ந்திருப்பதை ஓய்வென்று எவர் கூறுவார்? அம்முறை பல மாற்றங்களுக்குப் பின் கைவிடப்பட்டு, 1940-இல் ஞாயிறு மீண்டும் பொது ஓய்வு நாளாயிற்று.

அன்று அரசாணை செய்ததை இன்று நாமே நம் இல்லங்களில் செய்துகொள்கிறோம் அல்லவா? தந்தைக்கு ஞாயிறன்று முறைப்பணி, மகளுக்கு நுழைவுத் தேர்வு வகுப்பு, மகனுக்கு விளையாட்டுப் பயிற்சி, தாய்க்கு அடுக்களை. நால்வரும் வீட்டில் இருக்கும் வேளையிலும் நான்கு கைபேசிகள் நால்வரையும் நான்கு உலகங்களுக்கு இழுத்துச் செல்கின்றன.

இதற்கு மாறான நல்ல பாடம் நம் கடற்கரையிலேயே இருக்கின்றது. குமரி, தூத்துக்குடிக் கரைகளிலுள்ள கத்தோலிக்க மீனவ ஊர்கள் பலவற்றில் ஞாயிறன்று கடலுக்குச் செல்லாமை நெடுநாள் வழக்கம். அன்றாடம் கடலை நம்பி வாழும் எளிய மக்களுக்கு ஒரு நாள் பாட்டை விடுவது சிறிய இழப்பன்று. ஆயினும் ஊரே சேர்ந்து வலையை மடித்து வைப்பதால், ஓய்ந்தவன் இழந்தான், ஓயாதவன் பெற்றான் என்னும் போட்டிக்கு அங்கே இடமில்லை. தனியொருவரின் ஓய்வைப் பாதுகாப்பது ஊரின் கட்டுப்பாடு. வீட்டிற்கும் பங்கிற்கும் இது பொருந்தும். சேர்ந்து ஓய முடிவு செய்தால்தான் எவரும் ஓய முடியும்.

அடுக்களைக்கு ஞாயிறு உண்டா?

இனி, நம் வீட்டு அடுக்களைக்குள் நுழைவோம். நடுவண் அரசு 2019-ஆம் ஆண்டில் நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றிற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாகக் காட்டிற்று. பெண்ணுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். ஆணுக்கு ஒன்றரை மணி நேரத்திற்குச் சற்று அதிகம். ஞாயிறன்று பெண்ணின் சுமை குறைகின்றதா? எல்லாரும் வீட்டில் இருப்பதால் அன்று உணவு வகைகள் கூடுகின்றன, விருந்தினர் வருகின்றனர், பாத்திரங்கள் குவிகின்றன. குடும்பத்தின் ஓய்வு நாள், குடும்பத் தலைவியின் கடும் உழைப்பு நாளாய் முடிகின்றது.

பெத்தானியாவில் மார்த்தாளும் மரியாளும் ஆண்டவரை வரவேற்ற நிகழ்ச்சியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அதைக் காட்டி, பணிவிடை செய்யும் பெண்களுக்கு அறிவுரை சொல்வதும் உண்டு. மார்த்தாளின் சமையலை ஆண்டவர் இகழவில்லை; பலவற்றைப் பற்றிய அவளது கவலையையும் கலக்கத்தையுமே சுட்டினார். அவளும் தம் காலடியில் அமர வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆனால் மார்த்தாள் அமர வேண்டுமாயின் அவள் கையிலுள்ள வேலையை யாரேனும் வாங்கிக்கொள்ள வேண்டுமே!

யார் வாங்கிக்கொள்வது? இதற்கு விடை அருளப்பர் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தில் இருக்கின்றது. இரவெல்லாம் வலை வீசிக் களைத்த இராயப்பரும் தோழரும் விடியற்காலையில் கரை சேர்ந்தபோது, அங்கே கரி நெருப்பு மூட்டப்பட்டிருந்தது. அதன்மேல் மீனும், அருகில் அப்பமும் இருந்தன. சாவை வென்று உயிர்த்த ஆண்டவர் தம் கையால் உணவு ஆயத்தம் செய்து, உண்ண வருமாறு அழைத்தார். உலகை மீட்ட கைகளுக்கு அடுப்பு மூட்டுவது இழிவாய்த் தோன்றவில்லையெனில், நம் இல்லத்து ஆடவருக்கும் இளைஞருக்கும் அது எங்ஙனம் இழிவாகும்?

நமக்காக நிற்பவர்கள்

வீட்டுக்கு வெளியிலும் நம் பார்வை செல்ல வேண்டும். ஞாயிறு மாலை நாம் நுழையும் பெரிய துணிக்கடையில் புடைவைகளை விரித்துக் காட்டும் இளம்பெண்கள் நாள் முழுதும் நின்றவர்கள். நாற்காலி இருந்தும் அமரத் தடை, கால் வீக்கம், முதுகு வலி என்று அவர்கள் பட்ட துன்பம் நெடுங்காலம் எவர் காதிலும் விழவில்லை. கேரளத்தில் 2018-இலும், தமிழ்நாட்டில் 2021-இலும் கடைப் பணியாளருக்கு இருக்கை வசதி அளிக்கச் சட்டம் திருத்தப்பட்டது. உட்காருவதற்கும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்பதே நம்மைச் சிந்திக்கச் செய்ய வேண்டும்.

1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதுபற்றித் தெளிவாய்ப் பேசுகின்றது. பிறர் ஆண்டவரின் நாளை அனுசரிக்கத் தடையாகும் தேவையற்ற வேலைகளை அவர்கள்மேல் சுமத்தலாகாது என்கிறது. வறுமையால் ஓய முடியாதவர்களை, ஓய்வு பெற்றவர்கள் நினைவில் கொள்ள வேண்டும் என்றும் கூறுகிறது. மருத்துவமனைச் செவிலியரும், பேருந்து ஓட்டுநரும், நோயாளியைப் பேணுவோரும் ஞாயிறன்று உழைப்பது அன்புப் பணி. அவர்கள் மனம் கலங்க வேண்டுவதில்லை. ஆனால் சனிக்கிழமை வாங்கியிருக்கக்கூடிய பொருளை ஞாயிறு இரவு கைபேசியில் கேட்டு, மழையில் ஓர் இளைஞரை ஈருருளியில் விரையச் செய்வது தேவைதானா? வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு வாரத்தில் ஒரு நாள் ஊதியத்தோடு விடுமுறை தருகிறோமா? அவர் எந்தச் சமயத்தவராயினும் சரி. கட்டளையின் பட்டியலில் அந்நியனும் இருக்கிறான் என்பதை முன்னரே கண்டோம்.

இல்லத்தில் தொடங்குவோம்

ஓய்வு தானே வந்து அமைவதில்லை. அதற்கு ஆயத்தம் வேண்டும். மன்னாவை ஆறாம் நாளே இருமடங்காகச் சேர்த்ததுபோல, சனிக்கிழமை மாலையே துணி, கடைவேலை, பள்ளிப்பாடம் ஆகியவற்றை இயன்ற மட்டும் முடித்துவிடலாம். ஞாயிறு உணவை எளிதாக்கி, ஆடவரும் பிள்ளைகளும் சேர்ந்து சமைத்துப் பாத்திரம் கழுவலாம். திருப்பலிக்குச் சற்று முன்னதாகவே சென்று அமைதியாய் அமரலாம். முடிந்ததும் ஓடாமல், பங்கு மக்களோடு நின்று நலம் விசாரிக்கலாம். நண்பகல் உணவின்போது கைபேசிகளை ஒரு கூடையில் இட்டு வைக்கலாம். மாலையில் ஒரு நோயாளியையோ தனித்து வாழும் முதியவரையோ குடும்பமாய்ச் சென்று பார்க்கலாம். புனித இரண்டாம் அருள் சின்னப்பர் 1998-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் ஞாயிறு பற்றி வெளியிட்ட திருமடலில், இந்நாள் ஆண்டவரின் நாள் மட்டுமன்றி, மனிதரின் நாளுமாம் என்று விளக்கினார். மகிழ்ச்சியும் ஓய்வும் பிறரன்பும் அங்கே ஒன்றாய் இணைகின்றன.

வார நாள்களில் உள்ளத்திற்கு ஓய்வு தரவும் திருச்சபை வழி வைத்திருக்கின்றது. காலை, நண்பகல், மாலை என முப்பொழுதும் ஒலிக்கும் கோயில் மணி மூவேளைச் செபத்திற்கு நம்மை அழைக்கின்றது. ஓரிரு நிமிடச் செபந்தான். ஆயினும் ஏர் பிடித்தவரும் அடுப்படியில் நின்றவரும் கையிலிருந்ததை வைத்துவிட்டு, வார்த்தை மனுவுருவான மறைபொருளை நினைக்க அது போதும். மணியோசை எட்டாத நகரத்தில் நாமே நேரம் குறித்துக்கொள்ளலாம். வேலையை விட்டு விலக முடியாதவர்களுக்குச் சகோதரர் லாரன்ஸ் வழிகாட்டுவார். 1640-இல் பாரிசு நகரத்துக் கார்மேல் மடத்தில் சேர்ந்த அவருக்குக் கிடைத்தது, அவர் இயல்பாகவே விரும்பாத அடுக்களை வேலை. அவர் அவ்வேலையை விட்டோடவில்லை. சட்டிகளின் ஓசைக்கிடையிலும் இறைவன் தம்முடன் இருப்பதை எண்ணி எண்ணிப் பழகினார். பீடத்தின்முன் முழந்தாளிட்டபோது கிடைத்த அமைதி அவருக்கு அடுப்பின்முன்னும் கிடைத்தது.

இரவில் கவலை உறக்கத்தைக் கெடுக்கும்போது புனித சூசையப்பரை நினைப்போம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் நாள் மணிலாவில் குடும்பங்களிடம் பேசியபோது, தம் மேசைமேல் உறங்கும் சூசையப்பரின் உருவம் ஒன்று இருப்பதாகவும், ஏதேனும் சிக்கல் வந்தால் அதை ஒரு தாளில் எழுதி அவ்வுருவத்தின் அடியில் வைத்துவிடுவதாகவும் கூறினார். சூசையப்பர் உறங்கினார், உறக்கத்திலேயே இறைவன் அவருக்கு வழி காட்டினார், விழித்ததும் அவர் எழுந்து செயல்பட்டார். திருக்குடும்பத்தைக் காக்கும் பெரும் பொறுப்பு உடையவர் உறங்க முடிந்ததெனில், நாமும் உறங்கலாம்.

அடுத்த ஞாயிறு இரவு, குடும்பச் செபம் முடிந்ததும், இரு கேள்விகளை நமக்குள் கேட்டுக்கொள்வோம். இன்று நம்மால் ஓய்வு இழந்தவர் யார்? இன்று நம்மால் ஓய்வு பெற்றவர் யார்? முதற்கேள்விக்கு ஒரு பெயரும் சொல்ல இயலாமல், இரண்டாம் கேள்விக்கு ஒரு பெயரேனும் சொல்லக் கூடுமாயின், ஆண்டவரின் நாள் நம் இல்லத்திற்கு வந்துவிட்டது எனக் கொள்ளலாம். அப்பெயர் முதன்முதலாக, நம்மைப் பெற்று வளர்த்து, இன்னும் அடுப்படியில் நின்றுகொண்டிருக்கும் அன்னையின் பெயராய் இருக்கட்டும்.